பதினைந்தாவது இடம்

அத்தியாயம் 9

பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை காலை கேம்ப் தொடங்குகிறது. கோச்சின் அறையில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் பதினைந்தாவது வரி மட்டும் வெறுமனே கிடந்தது.

அந்த ஒரு வரிக்கு இரண்டு பேர். ஒருவன், ஆட்டக்காரர்களின் உடல்நிலையைக் கவனிக்கும் பிசியோவின் உடன்பிறந்த தம்பி. முப்பத்து நான்கு வயது. இதே கூடைப்பந்து அணிக்குப் பதினோரு வருஷம் ஆடியவன். நெட்டையும் ஒல்லியுமாக இருப்பதால் ரசிகர் கூட்டம் அவனுக்கு வைத்த பெயர் கொக்கு. இன்னொருவன், இழுத்து மூடப்பட்ட ஒரு சின்ன கிளப்பிலிருந்து வந்திருக்கும் இருபத்து மூன்று வயதுக்காரன். அவன் குதிக்கிற குதியைப் பார்த்துவிட்டு, வந்த முதல் நாளே எல்லோரும் ஸ்பிரிங் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

தேர்ந்தெடுக்க வேண்டிய கோச், பிசியோவின் கணவர்.

போன வாரம் தம்பி அக்கா வீட்டுச் சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரை மணி நேரம் ஓடினால் இடது காலில் இரண்டு விரல்கள் மரத்துப்போகின்றன என்றான். "அக்காகிட்ட சொல்றேன். டாக்டரம்மாகிட்ட இல்ல" என்றான். அணியில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் அழைப்பார்கள். யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள் அவள்.

அந்தச் சத்தியம் நான்கு நாள் தாங்கியது.

நேற்று மாலை, சிக்னலில் கார் நின்றபோது, கணவரிடம் சொல்லிவிட்டாள். தம்பியைக் காட்டிக்கொடுக்க அல்ல. ஆட்டக்காரனாக வேண்டாம், உதவிக் கோச்சாகவாவது அவனை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காக. "இது வீட்டுப் பேச்சு. கோர்ட்டுக்கு வரக் கூடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நான் என்ன ஊருக்குத் தண்டோரா போடுறவனா?" என்றார் அவர். விளக்கு பச்சையானது. வண்டியை நகர்த்தினார்.

இன்று காலை ஷேவ் செய்துகொண்டே விசில் அடித்தார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. கோச் விசில் அடித்தால் அன்றைக்கு எவன் முதுகோ பழுக்கப்போகிறது என்று பையன்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"என்னங்க, இன்னிக்கு என்ன டெஸ்ட்?"

"வழக்கமானதுதான்."

"எவ்வளவு நேரம்?"

அவர் ரேசரைக் குழாயடியில் காட்டி அலசினார். "உன் தம்பிக்கு நான் கெடுதல் நினைப்பேனா?"

அப்படிக் கேட்டால் என்ன சொல்வது? எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தார். தம்பி அப்போது உச்சத்தில் இருந்தான். மேனேஜரிடம் போய், "எங்க மாமாவுக்கு ஒரு வாய்ப்பு குடுங்க சார்" என்று கேட்டு உள்ளே கொண்டுவந்தவனே அவன்தான். அவர் கெட்டிக்காரர், மேலே வந்துவிட்டார். ஆனால் அணி தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் போதும், கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழும்பும்: "மச்சான் புண்ணியத்துல வந்த கோச்சே, வீட்டுக்குப் போ!" அதைக் கேட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டுவார். வீட்டுக்கு வந்து தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

எட்டு மணிக்குத் தம்பி பரிசோதனை அறைக்கு வந்தான். மேஜையில் ஏறிப் படுத்தால் அவன் கணுக்கால்கள் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"மேஜய இன்னும் ஒரு அடி நீட்டச் சொல்லி எத்தன வருஷமா கேக்கறேன்?"

"உன்ன ஒரு அடி வெட்டிட்டா செலவு மிச்சம்னு மேனேஜர் சொல்றார்."

அவன் சிரித்தான். மூன்று வாரமாகச் சர்க்கரையே தொடவில்லை என்றும், தினமும் படிக்கட்டு ஏறி இறங்குவதாகவும் சொன்னான். அவள் முட்டியை மடக்கிப் பார்த்தாள், கணுக்காலைத் திருகிப் பார்த்தாள், நாடியை எண்ணினாள். எல்லாம் பழுதில்லை. அவன் வயதுக்கு அது அதிசயம் என்றே சொல்ல வேண்டும்.

ஃபார்மில் கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி இருந்தது. வேறு தொந்தரவு?

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினாறு வருஷ வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அது.

"எந்திரி. போய் ஆடு."

அவன் இறங்கும்போது அவள் தோளில் கையை ஊன்றிக்கொண்டு இறங்கினான். "இந்த ஒரு வருஷம் போதும்க்கா. நானா முடிச்சுக்கறேன். யாரும் என்ன முடிக்க வேணாம்."

ஸ்பிரிங்குக்குப் பழைய கிளப் கொடுத்த சான்றிதழ் இருந்தது. தேர்வானால் மட்டும் அவனைப் பார்த்தால் போதும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

கோர்ட்டில் மற்ற பதினான்கு பேரும் நின்றிருந்தார்கள். மேனேஜர் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோச் கையைத் தட்டினார்.

"முழு ஆட்டம். நாப்பது நிமிஷம். இடைவேளை கிடையாது, டைம்-அவுட் கிடையாது. மத்தவங்க மாறி மாறி வருவீங்க. கொக்கும் ஸ்பிரிங்கும் மாற மாட்டாங்க. ஒருத்தர ஒருத்தர் விடாமப் பிடிச்சு ஆடணும்."

நாற்பது நிமிஷம் என்றதும் பிசியோ நிமிர்ந்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கமே திரும்பவில்லை. ஸ்டாப்-வாட்ச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாக்குத் தவறவில்லை. யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. கடிகாரத்தைச் சொல்ல வைக்கப்போகிறார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் அரை மணி நேரம் கொக்கு ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பெஞ்சில் இருந்தவர்களே எழுந்து நின்றார்கள். ஸ்பிரிங் குதித்தான், பறந்தான், எல்லாம் செய்தான். ஆனால் அவன் எங்கே வந்து இறங்குவான் என்று கொக்குக்கு அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. பந்தை ஸ்பிரிங்கின் கையிலிருந்து உருவிக்கொண்டு போவது குழந்தை கையில் இருக்கும் மிட்டாயை எடுப்பது போல இருந்தது. முப்பதாவது நிமிஷத்தில் கொக்கு பதினெட்டு, ஸ்பிரிங் பதின்மூன்று.

மேனேஜர் கோச் பக்கம் சாய்ந்தார். "இவனே இன்னும் நல்லாத்தானேய்யா ஆடறான்?"

"பாருங்க சார்" என்றார் கோச்.

முப்பத்தோராவது நிமிஷத்தில் கொக்கு முதல் முறையாகத் தன் ஷூவைக் குனிந்து பார்த்தான். காலைத் தரையில் இரண்டு தடவை தட்டினான்.

"கொக்கு, இடது பக்கம் போ!" என்று கோச் கத்தினார்.

போனான். இடது காலை ஊன்றி எழும்பும்போது ஒரு கணம் தாமதம். ஸ்பிரிங் தட்டிவிட்டான்.

"இடது பக்கம்!"

மறுபடியும்.

"இடதுன்னு சொல்றேன்ல!"

பிசியோவுக்கு ஆட்டத்தை நிறுத்த உரிமை உண்டு. எழுந்து கையைத் தூக்கினால் போதும், கோச்சானாலும் விசில் ஊதித்தான் ஆக வேண்டும். ஆனால் ஏன் தூக்கினாய் என்று கேட்பார்கள். ஃபார்மில் எழுதியது பொய் என்று ஆகும். தம்பியும் போவான், அவள் வேலையும் போகும். அவள் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். இன்னும் ஏழு நிமிஷம். ஆறு. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுடா.

முப்பத்தாறாவது நிமிஷம் வளையத்தில் பட்டு எகிறிய பந்துக்கு எல்லோருக்கும் மேலே எழும்பினான் அவன். பந்தும் கையில் சிக்கியது. இறங்கும்போது காலுக்குத் தரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முகம் குப்புற விழுந்தான். மோவாய் தரையில் மோதிய சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

பெஞ்சில் யாரோ, "கொக்கு வழுக்கிருச்சுடா" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எந்திரி" என்றார் கோச். "கடிகாரம் ஓடுது."

எழுந்தான். மோவாயிலிருந்து ரத்தம் சொட்டியது. துடைத்துக்கொள்ளாமல் அக்காவைத் தேடிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் எதுவுமில்லை. நிறுத்திவிடேன் என்றுதான் கேட்டது.

அவள் கை மடியிலேயே இருந்தது.

மிச்சம் நான்கு நிமிஷமும் அவன் நொண்டியபடி ஆடினான். ஸ்பிரிங் அவன் தலைக்கு மேலே எட்டுப் புள்ளி எடுத்தான். எடுக்கும்போதெல்லாம் அவனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோச்சின் அறையில் நான்கு பேர். மேனேஜர் நாற்காலியில். கோச் பலகைக்குப் பக்கத்தில். தம்பி, ஐஸ் சுற்றிய துண்டை மோவாயில் அழுத்தியபடி சுவரோரம். பிசியோ வாசலருகே.

"அந்த ஃபார்ம கொஞ்சம் குடு" என்றார் கோச்.

கொடுத்தாள். வாய்விட்டுப் படித்தார். "வேறு தொந்தரவு, இல்லை. சரி. மேனேஜர் சார், நீங்களே பாத்தீங்க. முப்பதாவது நிமிஷம் வரைக்கும் இவன்தான் மேல. அதுக்கப்புறம் கால் இவன் பேச்சக் கேக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது, நான் டாக்டர் இல்ல. டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா சொல்லட்டும். தெரியலன்னா, நாம வேற பிசியோ பாக்கணும்னு அர்த்தம்."

தம்பியின் கையிலிருந்த துண்டு மெல்ல இறங்கியது. முப்பது என்ற எண்ணை அவன் உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தான்.

"அக்கா" என்றான். அவ்வளவுதான்.

மேனேஜர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா? கையெழுத்து உங்களோடதுதானே?"

சுவர் மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் வந்தது. பிசியோ மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தாள். 'இல்லை' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: இடது பாதத்தில் உணர்விழப்பு. ஆடத் தகுதியில்லை.

எழுத்து முத்து முத்தாக விழுந்தது. அதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே கொல்லக்கூடியவர். "மனசத் தளர விடாதப்பா. கூட்டத்துக்கு உன்னப் பிடிக்கும். எல்லாரும் கொக்கு கொக்குன்னுதானே கத்தறாங்க? மூக்கு, இறக்கை எல்லாம் வெச்சு ஒரு உடுப்பு தெக்கச் சொல்றேன். இடைவேளையில கோர்ட்ட ஒரு சுத்து சுத்தி வந்து கையாட்டிட்டுப் போ. குழந்தைங்க குஷியாயிடும்."

தம்பி நிமிர்ந்தான். அவன் முழு உயரமும் அந்த அறையில் அப்போதுதான் தெரிந்தது. "தெக்கச் சொல்லுங்க சார். அளவு வேணும்னா டாக்டரம்மாகிட்ட வாங்கிக்கங்க. என் அளவெல்லாம் அவங்களுக்கு அத்துப்படி."

பிறகு கோச்சிடம் திரும்பினான். "மாமா, நேத்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனே."

"அதுதான் வேணாம்னு பாத்தேன்." கோச் பலகையை நோக்கித் திரும்பி, பேனா மூடியைக் கழற்றினார். "நீயா ஒதுங்கினா, மாமாவுக்காக விட்டுக்குடுத்தான்னு ஊரெல்லாம் பேசும். உன் புண்ணியம் இன்னும் ஒரு வருஷம் என் தலையில ஏறும். எட்டு வருஷம் சுமந்தாச்சு மச்சான். போதும்."

தம்பி ஐஸ் துண்டை மேஜையில் வைத்தான். கதவைச் சாத்தாமல் வெளியே போனான்.

பிசியோ நடைபாதையில் பின்னாலேயே ஓடினாள். "டேய், நில்லுடா. மோவா கிழிஞ்சிருக்கு. கட்டுப் போடணும்."

அவன் நடந்துகொண்டே சொன்னான். "வேற யாராவது போடட்டும். நீ தொட்டா எழுதிடுவ."

"நான் உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்டா அவர்கிட்ட..."

அப்போது நின்றான். திரும்பிப் பார்த்தான். "விழுந்து கிடந்தேன்ல, உன்னப் பாத்தேன். உன் கை மடியிலயே இருந்துச்சு. அவர் எனக்கு யாரோ. என்ன வேணா செய்வார். நீ எதுக்கு உக்காந்திருந்த?"

அவளிடம் பதில் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். அதை வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. அவன் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனான். தரையில் ஒவ்வொரு நான்கடிக்கும் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது.

கைபேசி அடித்தது. தம்பியின் மனைவி.

"அண்ணி, இவர் ஃபோன எடுக்கவே மாட்டேங்கறார். லிஸ்ட் வந்துருச்சா?"

"இன்னும் வரலம்மா."

"எனக்கு இங்க கையும் ஓடல, காலும் ஓடல. ஆனா நீங்க இருக்கீங்கல்ல அண்ணி, அதான் ஒரு தைரியம்."

"ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

நடைபாதை முனையில் கோச் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"நான் வாயத் தொறக்கலையே" என்றார் அமைதியாக. "சொல்லக் கூடாதுன்ன, சொல்லல. எழுதினது நீ." கையிலிருந்த புது ஃபார்மை நீட்டினார். "ஸ்பிரிங் உள்ள காத்துக்கிட்டிருக்கான். சீக்கிரம் பாத்து முடி. மேனேஜர் மூணு மணிக்குக் கிளம்பறார். அவர் போறதுக்குள்ள கையெழுத்து வாங்கணும்." தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்பிரிங் மேஜை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"டாக்டரம்மா, அண்ணன் எங்க? அவர்கிட்ட ஒரு வார்த்த பேசணும். ஸ்கூல் படிக்கறப்ப அவர் ஆட்டத்தப் பாத்துத்தான் நான் பந்தையே தொட்டேன். இன்னிக்கு அவர் விழுந்தப்ப எனக்கு..."

"படு" என்றாள்.

இடது முட்டியைச் சுற்றி ஒரு பாம்பைப் பச்சை குத்தியிருந்தான். நல்ல வேலைப்பாடு. கண்கள் இரண்டும் முட்டிச் சில்லின் இரு பக்கமும் வருமாறு வரைந்திருந்தார்கள். அவள் கட்டைவிரலை வைத்து அந்தக் கண்களைத் தடவினாள். தோல் அங்கே குழிந்திருந்தது. இரண்டு துளைகளின் தழும்பு.

ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முழங்காலுக்குக் கீழே பிடித்து மெதுவாக முன்னால் இழுத்தாள். இழுத்தால் சட்டென்று ஓரிடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மேஜையின் இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"எப்ப ஆபரேஷன் பண்ண?"

அவன் முகம் வெளுத்தது. "இல்ல டாக்டரம்மா, அது..."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். போன மாசத்துலேர்ந்து மறுபடியும் சில சமயம் உள்ள நழுவற மாதிரி இருக்கு." எழுந்து உட்கார்ந்தான். கண்ணில் நீர் முட்டியது. "மறைச்சது தப்புதான். கிளப்ப மூடினப்புறம் யாருமே கூப்பிடல. இது ஆபத்தா? நீங்க சொல்லுங்க. ஆடக் கூடாதுன்னா இப்பவே பையத் தூக்கிட்டுப் போயிடறேன். நீங்க சொல்றதக் கேக்கறேன்."

ஆபத்துதான். இன்று ஓடலாம், நாளை குதிக்கலாம். ஏதோ ஒரு நாள் ஒரு தப்பான இறக்கத்தில் மூட்டு மொத்தமாக விட்டுப்போகும். அதற்குப் பிறகு பந்தை விடு, படியேறுவதே பாடு. இருபத்து மூன்று வயது.

உண்மையை எழுதினால் இவன் பிழைப்பான். வேறு ஒருவன் வருவான். கணவருக்கு ஒரு நாள் அலைச்சல், அதோடு சரி. தம்பி திரும்பி வரப்போவதில்லை. அவன் கதவை அவளே சாத்திவிட்டாள்.

எழுதாவிட்டால்?

எழுதாவிட்டால், நிறைந்த அரங்கத்தில், கூட்டம் பார்க்க, கோச் தன் மச்சானைத் தள்ளிவிட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் கீழே கிடப்பான். அப்போது அந்தக் குரல் மறுபடியும் எழும்பும். இந்த முறை அவரால் சிரித்துக் கையாட்ட முடியாது.

சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை தயங்கியிருப்பாள்.

"பயப்படாத" என்றாள். குரல் எவ்வளவு கனிவாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். "கொஞ்சம் தளர்வு இருக்கு. பயிற்சியில சரியாயிடும். நான் பாத்துக்கறேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் கையை விடுவித்து ஃபார்மை எடுத்தாள். முட்டி: நன்று. கணுக்கால்: நன்று. கடைசியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

கோர்ட் ஓரத்திலேயே மேஜை போட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மேனேஜர் கை குலுக்கினார். கோச்சுக்கு முகமெல்லாம் பல்.

"சாருக்கு ஒரு தடவ குதிச்சுக் காட்டுடா" என்றார்.

ஸ்பிரிங் நான்கடி ஓடி வந்து இடது காலை ஊன்றி எழும்பினான். வளையத்தை மணிக்கட்டு வரைக்கும் எட்டிப் பிடித்து, ஆடி, கையை விட்டான். தரையில் இறங்கியபோது இடது முட்டி ஒரு நொடி உள்பக்கமாகச் சாய்ந்து, சமாளித்து நிமிர்ந்தது. எல்லோரும் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முட்டியைப் பார்த்தது அவள் ஒருத்திதான். அவனும் அவளைத்தான் பார்த்தான், சரிதானே டாக்டரம்மா என்று கேட்கிற கண்ணோடு.

மேனேஜர் கைதட்டினார். கோச் மனைவியின் பக்கம் திரும்பினார். "எப்படி?"

பிசியோ புன்னகைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். "இன்னொரு தடவ குதிக்கச் சொல்லுங்க."